கோல்ஃப் மைதானம் இல்லாத ஊரில் ஸ்விங் கற்க முடியுமா? மொட்டை மாடியில் தொடங்கும் 6 படிகள்

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கோல்ஃப் கடைசிச் சுற்று. அன்று காலை டிவி முன்னாடி உட்கார்ந்த நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கு 'பெர்டி'ன்னா என்ன, 'போகி'ன்னா என்னன்னே தெரியாது. ஆனாலும் எல்லோரும் ஒரே பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அதிதி அசோக்.

பெங்களூருவைச் சேர்ந்த அதிதிக்கு அப்போது 23 வயது. உலகத் தரவரிசையில் 200-வது இடம். 60 பேர் ஆடிய போட்டியில் மூன்று சுற்று முடிந்தபோது அவர் இரண்டாவது இடத்தில் இருந்தார். கடைசிக் குழியில் அவர் அடித்த பெர்டி வாய்ப்பு உள்ளே போகவில்லை. நான்கு நாள், 72 குழி, மொத்தம் 269 அடி. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய இருவரும் எடுத்தது 268. தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267.

ஒரே ஒரு அடியில் பதக்கம் கை நழுவியது. அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றதால், அதிதியின் நான்காவது இடம் அதிகம் பேசப்படாமலே போய்விட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் போட்டியில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அதிதியும் ஒருவர். மற்றவர்கள் அவரைத் தாண்டிப் பல மீட்டர் தள்ளி அடித்தார்கள். அப்படியிருந்தும் அவரைப் பதக்கப் போட்டியில் வைத்திருந்தது, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அதே மாதிரி அடிக்கும் திறமை.

கோல்ஃபில் இதைத்தான் 'ரிப்பீட்டபிள் ஸ்விங்' என்கிறார்கள். அதாவது, நினைத்தபோதெல்லாம் திரும்ப வரக்கூடிய ஸ்விங். இதைக் கற்க மைதானம் வேண்டுமா? பழனிசெட்டிபட்டி மாதிரி ஓர் ஊரில் இருந்துகொண்டு தொடங்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

தேனிக்காரர்களுக்குப் பக்கத்து மைதானம் எது?

தேனியை ஒட்டி, கம்பம் போகும் சாலையில், முல்லைப்பெரியாறு பாயும் ஊர் பழனிசெட்டிபட்டி. இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் பழமையான கோல்ஃப் மைதானம் மலைக்கு மேலே, கொடைக்கானலில் இருக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கப்பட்டது. 18 குழிகள் கொண்ட மைதானம். காட்டுமாடுகள் புல் மேய வந்து நிற்பது அங்கே வழக்கமான காட்சி.

அந்தப் பக்கம் இருக்கும் பசுமைப் பள்ளத்தாக்கு காட்சிமுனையில் நின்று, மேகம் விலகும்போது கீழே பார்த்தால் வைகை அணை தெரியும். மலையில் இருந்து பார்த்தால் தேனி அவ்வளவு பக்கம். ஆனால் கீழே இருந்து மைதானத்துக்குப் போக காட்ரோடு வழியாக மலை சுற்றி ஏற வேண்டும். தினமும் போய்ப் பழகும் தூரம் இல்லை. இதைவிட்டால் ஊட்டி, வெலிங்டன், கோவை செட்டிபாளையம், சென்னை நந்தனம் என்றுதான் போகணும்.

அப்போ இது நமக்கான ஆட்டம் இல்லையா? இந்திய கோல்ஃப் வரலாறு வேற மாதிரி சொல்கிறது.

டெல்லி கோல்ஃப் கிளப்பில் மற்றவர்களின் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தவர் அலி ஷேர். 1991-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். 1993-ல் மறுபடியும் வென்றார். கொல்கத்தாவில் 1829-ல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே உள்ள மிகப் பழமையான கோல்ஃப் கிளப். அங்கே புல்தரையைப் பராமரிக்கும் ஊழியரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே பழகியவர். 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016, 2017-ல் அடுத்தடுத்து இந்தியன் ஓபன் என்று வென்று காட்டினார்.

இருவருக்கும் மைதானம் கண் முன்னால் இருந்தது உண்மைதான். ஆனால் ஸ்விங்கின் முதல் பாதியைக் கற்க மைதானமே தேவையில்லை. எப்படி என்று புரிய, பந்து எப்படிப் பறக்கிறது என்று முதலில் தெரியணும்.

ஒரு டிகிரி மாறினால் என்ன ஆகும்?

கிளப்பின் முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டும் நேரத்தைவிட மிகக் குறைவு. முன்னணி ஆண் வீரர்கள் டிரைவரால் அடிக்கும்போது கிளப்பின் தலை மணிக்கு சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த வேகத்தில், அந்தக் குட்டி நேரத்தில் கையால் எதையும் திருத்த முடியாது.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்த நொடியில் கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 200 மீட்டரில் பந்து சுமார் மூன்றரை மீட்டர் விலகும். முகம் ஒரு பக்கமும் கிளப் வரும் பாதை இன்னொரு பக்கமும் இருந்தால் பந்து காற்றில் வளையவும் செய்யும். அப்போது விலகல் இன்னும் அதிகம்.

பக்கத்தில் இருந்து அடிக்கும்போதும் இதே கணக்குதான். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டரில் இருந்து ஒரு டிகிரி தவறினால் பந்து குழியின் விளிம்புக்குப் போகும். ஆறு மீட்டரில் அதே ஒரு டிகிரி தவறு என்றால் பந்து வெளியேதான்.

சிம்பிளா சொன்னா, அடிக்கும் நொடியில் யாராலும் திருத்த முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் கிளப்பை அதே இடத்துக்குக் கொண்டுவரும் பழக்கத்தை உடம்புக்குள் முன்கூட்டியே ஏற்றி வைக்கணும். அதற்குத்தான் டிரில்.

அழகான ஸ்விங் அவசியமா?

அவசியமில்லை. அமெரிக்காவின் ஜிம் ஃப்யூரிக் ஆடுவதைப் பார்த்தால் கிளப் மேலே போகும்போது ஒரு வளையம் போட்டுக் கீழே இறங்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஸ்விங். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா. அந்த ஸ்விங்கோடு 2003-ல் அமெரிக்க ஓபன் வென்றார். 2016-ல் பிஜிஏ டூர் போட்டி ஒன்றில் ஒரே சுற்றை 58 அடியில் முடித்தார். அந்த டூரில் அதற்கு முன் யாரும் 58 எடுத்ததில்லை.

வளையம் எப்படி இருந்தாலும் பந்தைத் தொடும் நொடியில் அவருடைய கிளப் ஒரே இடத்துக்கு வந்தது. அதனால் யூடியூபில் பார்த்த வீரரின் ஸ்விங்கை அப்படியே காப்பி அடிக்கத் தேவையில்லை. உங்கள் உடம்புக்கு வரும் ஸ்விங் ஒன்றை, ஆட்டம் காணாமல் நிலைநிறுத்தினால் போதும்.

என்னென்ன பொருள் வேண்டும்?

ஒரு கோல்ஃப் செட்டில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. தொடங்க அத்தனையும் வாங்க வேண்டாம். பழைய 7-ஆம் நம்பர் அயர்ன் ஒன்று, பட்டர் ஒன்று. இரண்டும் செகண்ட் ஹேண்டில் போதும்.

கூடவே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்துகள், ஒரு தேங்காய் நார் மிதியடி, ஒரு ஜமக்காளம், ஒரு துண்டு, காலி பெயிண்ட் வாளி, சுண்ணாம்புத் தூள், செல்போன். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. மொட்டை மாடியிலோ தெருவிலோ நிஜ கோல்ஃப் பந்தை அடிக்கவே கூடாது. கல் மாதிரி கடினமான பந்து அது. பக்கத்து வீட்டு ஜன்னலோடு நிற்காது, ஆள் மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து. கிளப்பைச் சுழற்றும் முன் சுற்றிலும் குழந்தைகள் இல்லை, மேலே மின்கம்பி இல்லை என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளணும். கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கவும் கூடாது.

இனி படிகள். வலது கைக்காரர்களுக்காகச் சொல்லப்படுகிறது. இடது கைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: பிடியும் நிற்பதும்

சிலம்பம் கற்கப் போனால் முதல் நாளே கம்பைச் சுழற்ற விட மாட்டார்கள். காலடிதான் முதலில். கோல்ஃபும் அப்படியே.

இடது கை மேலே, வலது கை கீழே. கிளப் உள்ளங்கையில் அழுந்தாமல் விரல்களின் மேல் படுத்திருக்கணும். எவ்வளவு இறுக்கம்? கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வெட்டுகிறவர்கள் கொத்தை இன்னொரு கையில் ஏந்துவார்கள் இல்லையா, அந்த இறுக்கம். கொத்து கீழே விழக்கூடாது, பழம் நசுங்கவும் கூடாது.

கால்கள் தோள் அகலம். முட்டி லேசாகத் தளர்வு. குனிவது இடுப்பில் இருந்து, முதுகை வளைத்து இல்லை. 7-ஆம் நம்பர் அயர்னுக்குப் பந்து இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தால் சரி.

தேர்வு: கிளப்பைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய்த் திரும்பி வந்து மறுபடி பிடித்து நிற்க வேண்டும். இப்படிப் பத்து முறை. ஒவ்வொரு முறையும் செல்போனில் ஒரு படம். பத்துப் படத்தில் எட்டு ஒரே மாதிரி இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: பட்டிங்

கோல்ஃபில் மிகச் சின்ன ஸ்விங் பட்டிங். இங்கே கற்பதுதான் பெரிய ஸ்விங்குக்கும் அஸ்திவாரம். தவிர, ஒரு சுற்றில் பல அடிகள் இங்கேதான் செலவாகும்.

வீட்டுக்குள் ஜமக்காளத்தைச் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். பந்துக்கு அரை மீட்டர் முன்னால் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். பந்தின் விட்டம் 4.3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வாசல் வழியாக நாணயத்தைத் தொடாமல் போகணும். இங்கே மெதுவாகத்தான் உருட்டுகிறோம் என்பதால் நிஜ பந்தைப் பயன்படுத்தலாம். மணிக்கட்டு ஆடக்கூடாது. தோள் ஊஞ்சல் மாதிரி ஆடினால் போதும்.

தேர்வு: பத்துக்கு எட்டு முறை வாசலைத் தாண்டணும். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம்.

படி 3: இடுப்பில் இருந்து இடுப்பு வரை

இப்போது 7-ஆம் நம்பர் அயர்ன். ஒரு துண்டை மார்புக்குக் குறுக்காகப் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொள்ளுங்கள். கிளப்பை இடுப்பு உயரம் வரை பின்னால் கொண்டுபோய், அதே உயரம் வரை முன்னால் விடுங்கள். துண்டு கீழே விழக்கூடாது.

துண்டு விழுந்தால் என்ன அர்த்தம்? கை மட்டும் தனியாக ஓடுகிறது, உடம்பு திரும்பவில்லை என்று அர்த்தம். கிரிக்கெட் ஆடிப் பழகியவர்களுக்கு இது ஆரம்பத்தில் அடிக்கடி நடக்கலாம். கையால் அடித்தே பழகியிருப்பார்கள். இங்கே நெஞ்சு திரும்பினால் கை தானாக வரும்.

பழகியதும் மிதியடி மேல் பிளாஸ்டிக் பந்தை வைத்து, ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் பெயிண்ட் வாளியை நோக்கி அடியுங்கள்.

தேர்வு: துண்டு விழாமல் பத்துக்கு எட்டு. பந்து வாளிக்குள் விழுந்தே ஆகணும் என்றில்லை. வாளியின் திசையில் போனால் போதும்.

படி 4: சுண்ணாம்புக் கோடு

இதற்கு மண் தரை வேண்டும். அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் நிலம் இருந்தால் நல்லது. கற்களைப் பொறுக்கிவிட்டு, தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். பந்து அந்தக் கோட்டின் மேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, பந்து இல்லாமல் அரை ஸ்விங் அடியுங்கள். பின்னால் போகும்போது இடது கை தரைக்கு இணையாக வந்ததும் திரும்பிவிட வேண்டும். முன்னால் வலது கை அதே அளவு.

அடித்த பிறகு தரையில் கிளப் உரசிய தடத்தைப் பாருங்கள். அயர்ன் ஷாட்டில் கிளப் முதலில் பந்தைத் தொட்டு, பிறகுதான் தரையைத் தொடணும். அதனால் தடம் கோட்டிலேயோ அதற்கு முன்பக்கமோ, அதாவது இலக்கு இருக்கும் பக்கமாகத் தொடங்கியிருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கியிருந்தால், மைதானத்தில் பந்துக்கு முன்னாடியே மண்ணைத்தான் வெட்டியிருப்பீர்கள்.

பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இது மிகவும் உதவும் டிரில். நல்லா அடிச்சோம்னு மனசு சொல்லலாம், மண் பொய் சொல்லாது.

தேர்வு: ஒரு நீளக் கோட்டில் சிறிது சிறிதாக நகர்ந்து பத்து அடி. எட்டுத் தடங்கள் சரியான பக்கத்தில் இருக்கணும்.

படி 5: முழு ஸ்விங், எண்ணிக்கையோடு

முழு ஸ்விங்கில் பலரும் தடுமாறும் இடம் அவசரம். மேலே போன வேகத்திலேயே கீழே இழுப்பது. முன்னணி வீரர்களின் ஸ்விங்கை அளந்து பார்த்தவர்கள், பின்னால் போக எடுக்கும் நேரம் கீழே வரும் நேரத்தைப்போல சுமார் மூன்று மடங்கு என்கிறார்கள்.

இதை வாயால் எண்ணியே பழகலாம். சீராக ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுங்கள். ஒன்றில் கிளப் கிளம்பணும், நாலில் உச்சியில் இருக்கணும், ஐந்தில் பந்து இருக்கும் இடம். மூன்று எண்ணிக்கை மேலே, ஒரு எண்ணிக்கை கீழே.

அதோடு இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு முக்கால் ஸ்விங் அடிப்பது இன்னொரு டிரில். வேகம் கூடினாலோ உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தாலோ உடனே தடுமாறுவீர்கள். உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் வேகம் எது என்பதை இந்த டிரில் சொல்லிவிடும்.

தேர்வு: அடித்து முடித்த நிலையில், எடை முன் காலில் இருக்க, மூன்று நொடி அசையாமல் நிற்க வேண்டும். பத்துக்கு எட்டு.

படி 6: மாற்றி மாற்றி அடிப்பது

இதுவரை ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தோம். தொடக்கத்தில் அது சரி. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் மைதானத்தில் ஏமாற்றம்தான். ஏன்?

1979-ல் ஷே, மார்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று விதமான கை அசைவுகளை ஒரு குழு ஒவ்வொன்றாகப் பழகியது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து மாற்றி மாற்றிப் பழகியது. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

மைதானத்தில் ஒரே இடத்தில் இருந்து ஒரே அடியை இரண்டு முறை அடிக்க வாய்ப்பே வராது. அதனால் வாளியை ஒரு முறை ஐந்து மீட்டரில், அடுத்து பத்து மீட்டரில், அடுத்து எட்டு மீட்டரில் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன் பின்வாங்கி நின்று, இலக்கைப் பார்த்து, பிடி, நிற்பு என்று முதல் படியில் இருந்து தொடங்குங்கள். பத்தில் ஐந்துதான் வருதுன்னு மனம் தளர வேண்டாம். இந்தக் கட்டத்தில் தவறு அதிகமாகத் தெரிவது இயல்பு.

மனதை எங்கே வைப்பது?

கிரிக்கெட்டில் பந்து உங்களை நோக்கி வருகிறது, யோசிக்க நேரமில்லை. கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. அந்த நேரத்தில்தான் 'முழங்கை சரியா, முட்டி சரியா'ன்னு மூளை ஓட ஆரம்பிக்கும்.

1999-ல் கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் கோல்ஃப் புதிதாகக் கற்பவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். கையின் அசைவைக் கவனித்தவர்களைவிட, கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். டிரிலின் நடுவில் உடம்பைப் பற்றி யோசிப்பதைக் குறைத்து, கிளப்பின் தலை எங்கே போகிறது என்பதில் மட்டும் மனதை வைத்துப் பாருங்கள்.

முதுகு கவனம்!

கோல்ஃப் ஆடுபவர்களுக்கு அதிகம் வரும் தொந்தரவுகளில் ஒன்று கீழ்முதுகு வலி. நாள் முழுக்க பைக்கிலோ நாற்காலியிலோ உட்கார்ந்துவிட்டு, மாலையில் நேராகப் போய் முழு வேகத்தில் முறுக்கினால் முதுகு தாங்காது. ஐந்து நிமிடம் நடை, இடுப்பையும் தோளையும் மெதுவாகத் திருப்புவது, பிறகு பட்டிங், அதன் பிறகே பெரிய ஸ்விங்.

தினமும் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் அடிப்பதைவிட இது உடம்புக்கும் நல்லது, பழக்கத்துக்கும் நல்லது. வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடணும். தொடர்ந்து வலித்தால் மருத்துவரைப் பார்க்கணும்.

பயிற்சியாளர் எப்போது தேவை?

இந்த ஆறு படிகளும் பயிற்சியாளருக்கு மாற்று இல்லை. முகம் திறந்திருக்கிறதா, பாதை வெளியே இருந்து உள்ளே வெட்டுகிறதா என்பதை அனுபவமுள்ள கண் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். தவறான பிடி ஒரு வருடம் பழகிவிட்டால் மாற்றுவது ரொம்பக் கஷ்டம். இந்திய கோல்ஃப் யூனியனின் தேசிய கோல்ஃப் அகாடமி பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. ஒருவரிடம் சேரும் முன் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

அதுவரை செல்போனின் ஸ்லோமோஷன்தான் உதவி. முன்பக்கம் இருந்து ஒன்று, பின்பக்கம் இருந்து ஒன்று. வாரம் ஒருமுறை எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு திருத்தம் மட்டும். ஐந்தையும் ஒரே நாளில் சரிசெய்யப் போனால், இருந்த ஸ்விங்கும் போய்விடும்.

மலை ஏறும் முதல் நாள்

ஆறு படியும் ஓரளவு கைவந்த பிறகு நிஜ மைதானம். கொடைக்கானலோ கோவையோ, விருந்தினர் விதி, கட்டணம், உடைக் கட்டுப்பாடு எல்லாம் கிளப்புக்குக் கிளப் மாறும். கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது. அதனால் அதே அடிக்குப் பந்து சமவெளியைவிடக் கொஞ்சம் தூரம் போகும். 'அடடா, நமக்கு இவ்வளவு பலமா'ன்னு அன்றைக்கே டிரைவரை எடுத்து முழு வேகத்தில் வீசத் தோன்றும். வேண்டாம்.

முதல் நாள் 7-ஆம் நம்பர் அயர்னை எடுத்து, நாலாவது படியில் பழகிய அரை ஸ்விங்கையே அடியுங்கள். பத்துப் பந்தில் எட்டு ஒரே பக்கம் போய் விழுந்தால், பழனிசெட்டிபட்டி மொட்டை மாடியில் செலவழித்த மாதங்கள் வீண் போகவில்லை என்று அர்த்தம்.